எம்.பி. பென்ஷன் 31,000, எனக்கு எவ்வளவு?

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் 2008 முதல் கணக்கு எழுதுகிறேன். வயது 43, அடிப்படைச் சம்பளம் 20,000. எம்.பி.க்களுக்கு ஒரே உத்தரவில் மாதம் 24,000 ஏற்றினார்கள். எனக்கு இரண்டு வருஷத்தில் ஏறியது 1,500. பி.எஃப்.பில் 4 லட்சம் இருக்கிறது. தங்கை கல்யாணத்துக்கு 1.2 லட்சம் எடுத்தேன். 2020இல் கொரோனா முன்பணமாக எடுத்த 45,000 தம்பிக்குப் போனது. இப்போது அவன் கடை வைக்க ஒன்றரை லட்சம் கேட்கிறான். வயதான காலத்தை நினைத்தால் பயமாக இருக்கிறது. வங்கியில் 'உறுதி வருமான' இன்சூரன்ஸ் எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கலாமா?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. எம்.பி. சம்பளத்தை விலைவாசிக் குறியீட்டோடு சேர்த்து ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஏற்ற வேண்டும் என்று 2018இலேயே சட்டம் செய்துவிட்டார்கள். அதன்படிதான் 1 லட்சம் 1.24 லட்சமானது. ஒரு முறை எம்.பி.யாக இருந்தாலே மாதம் 31,000 பென்ஷன். அதற்காக அவர்கள் சம்பளத்தில் பிடித்தம் எதுவும் கிடையாது.

உங்கள் பி.எஃப். பென்ஷனோ, சம்பளம் எவ்வளவு இருந்தாலும், 15,000 ரூபாய் சம்பள உச்சவரம்பை வைத்துக் கணக்கிடப்படுகிறது. முழுதாக 35 வருஷம் சேர்ந்தாலும் 7,500தான். 2014 செப்டம்பருக்கு முந்தைய உங்கள் வருஷங்களுக்கு உச்சவரம்பு 6,500 என்பதால், கையில் வருவது 6,500 சுற்றித்தான் இருக்கும். குறைந்தபட்ச பென்ஷன் இன்னும் 1,000 ரூபாயில் நிற்பது எனக்கும் ஆறாத விஷயம்.

ஆனால் உங்களுக்கென்று விலைவாசியை ஓரளவு துரத்திப் பிடிக்கும் பணம் ஒன்று இருக்கிறது: பி.எஃப். இருப்பு. அதைத்தான் வீட்டில் யார் கேட்டாலும் திறந்து கொடுக்கிறீர்கள்.

தோராயமாகப் பார்ப்போம். வட்டி இப்போதுள்ள 8.25 சதவீதமே தொடர்ந்தால், 4 லட்சம் 58 வயதில் 13 லட்சமாகும். மாதாமாதம் உங்கள் பங்கும் கம்பெனி பங்குமாகச் சேரும் 3,550 ரூபாய் இன்னொரு பன்னிரண்டரை லட்சமாகும். இரண்டும் சேர்ந்த இருபத்தைந்தரை லட்சத்தை 8 சதவீதத்தில் போட்டால் மாதம் 17,000. பென்ஷனோடு 23,500. எம்.பி. அளவுக்கு இல்லை, சரி, ஆனால் யாரிடமும் கேட்காமல் சாப்பிடலாம்.

தம்பி கேட்கும் ஒன்றரை லட்சம் அதே 15 வருஷத்தில் 4.9 லட்சமாகியிருக்கும். இன்று கொடுத்தால், ஓய்வுக்குப் பிறகு சாகும்வரை மாதம் 3,200 குறையும். உங்கள் பென்ஷனில் பாதி அது! அவன் கடை நன்றாக ஓடினாலும் இதைத் திருப்பித் தருவானா? அந்த 45,000 திரும்பியதாக நீங்கள் எழுதவில்லை.

அந்த இன்சூரன்ஸ் வேண்டாம். 'உறுதி' என்று அட்டையில் பெரிதாக அச்சடித்திருந்தாலும் கணக்குப் போட்டால் பெரும்பாலும் 5, 6 சதவீதத்தைத் தாண்டாது. இடையில் பிரீமியம் நின்றால் நஷ்டம் உங்களுக்கு. கட்ட நினைத்த தொகையில் 1,500 ரூபாயை விருப்ப பி.எஃப்.பில் கூடுதலாகப் பிடிக்கச் சொல்லுங்கள். 58 வயதில் அது மட்டும் ஐந்து லட்சத்தைத் தாண்டும்.

தம்பியிடம் பி.எஃப். இருப்பைச் சொல்ல வேண்டாம். மனசு கேட்கவில்லை என்றால், கடை திறக்கும் நாளில் சம்பளத்திலிருந்து 5,000 கொடுங்கள், திரும்பி வராது என்று நினைத்தே கொடுங்கள். மீதிப் பணத்துக்கு அவன் முத்ரா கடன் (சிறு தொழிலுக்கான அரசுத் திட்டக் கடன்) கேட்டு வங்கிக்குப் போகட்டும். ஜாமீன் கையெழுத்துக்கு உங்களைக் கூப்பிட்டால் அதற்கும் போகாதீர்கள்.