பிராங்க்ஃபர்ட்டில் வங்கி மேற்பார்வை படிக்க வரலாமா?

தம்பி, கோவையில் ஒரு வங்கியின் கடன் பிரிவில் மூன்று வருடம் இருந்ததாகவும், பன்னாட்டு நிதி ஒழுங்குமுறை படிக்க பிராங்க்ஃபர்ட் வந்தால் ஐரோப்பிய மத்திய வங்கியில் சேர முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: முடியாது. அங்கே எடுப்பது ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களை. இது தெரியாமல் நான் வில்லி பிராண்ட் பிளாட்ஸில் அந்தப் பெரிய யூரோ குறியின் முன் நின்று படமெடுத்து, "இங்கேதான் வேலை" என்று அம்மாவுக்கு அனுப்பியவன்.

அதற்காகப் படிப்பு வீணில்லை. 2014 நவம்பரிலிருந்து யூரோ நாடுகளில் 3,000 கோடி யூரோவுக்கு மேல் சொத்துள்ள வங்கிகளை ஐரோப்பிய மத்திய வங்கிக்காரர்களே நேரடியாகக் கண்காணிக்கிறார்கள். அவர்கள் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் எழுத வங்கிக்குள் ஆள் வேண்டுமே! நான் பிழைப்பது அந்தப் பதில்களால்தான்.

வகுப்பில் ஹெர்ஸ்டாட் கதை கட்டாயம் வரும். 1974 ஜூன் 26 அன்று கொலோனில் இருந்த அந்த வங்கியை வேலை நேரம் முடிந்ததும் மூடினார்கள். அன்று பகலிலேயே அதனிடம் ஜெர்மன் மார்க் கொடுத்துவிட்டவர்களுக்கு நியூயார்க்கில் டாலர் வரவேண்டும். அங்கே அப்போதுதான் காலை. டாலர் வரவேயில்லை. இந்த அதிர்ச்சியில், அந்த ஆண்டு முடிவதற்குள் பல நாட்டு வங்கி மேற்பார்வையாளர்கள் சேர்ந்த பாசல் குழு பிறந்துவிட்டது. மூலதனக் கணக்கு உங்களுக்குப் புதிதல்ல: ஆபத்து எடை 100 சதவீதமுள்ள 100 யூரோ கடனுக்கு வங்கி வைத்திருக்க வேண்டிய மூலதனமாக பாசல் கேட்கும் குறைந்தபட்சம் 8 யூரோ, நம் ரிசர்வ் வங்கி 9 கேட்கிறது. நேர்காணலில் இதைச் சொல்லுங்கள், நிமிர்ந்து உட்காருவார்கள்.

என்னைப் படுத்தியது மொழி. பாடம் ஆங்கிலத்தில்தான், அலுவலகம் ஜெர்மனில். முதல் வேலையில் ஒரு தணிக்கைக் கூட்டத்தில் "ஃபெஸ்ட்ஷ்டெல்லுங்" என்ற சொல் ஏழெட்டு முறை காதில் விழுந்தது. அகராதியில் "உறுதிசெய்தல்" என்ற பொருளைப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியென்று உறுதிசெய்துவிட்டார்கள் என மேலாளரிடம் சொன்னேன். தணிக்கைக்காரர் பேச்சில் அதற்குக் கண்டுபிடித்த குறை என்று பொருள். ஏழெட்டுக் குறைகள்!

பணத்துக்கு ஸ்பெர்கோன்டோ என்ற கணக்கில் ஓராண்டுக்கு 11,904 யூரோ முன்கூட்டியே போட வேண்டும். மாதம் 992 மட்டும் வெளியே வரும். நகருக்குள் அறை எடுத்தால் பாதிக்கு மேல் வாடகைக்கே போய்விடும், பக்கத்து ஆஃபன்பாக்கில் தேடுங்கள். நம் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழ் இல்லாமல் விசா விண்ணப்பம் நகராது, அதற்கு இப்போதே விண்ணப்பியுங்கள். ஜெர்மன் மொழியில் பி1 என்ற இடைநிலை வரை கோவையிலேயே முடித்துவிட்டு வாருங்கள். இங்கே வந்தபின் அதற்கு நேரம் கிடைக்காது.