மறுப்பு அறிக்கை வேண்டாம்

வணக்கம். கல்முனையில் நடந்த உதைபந்தாட்ட அரையிறுதியில் உங்கள் கழக வீரர் மத்தியஸ்தரைத் தள்ளிவிடும் காணொளி முகநூலில் பரவுவதாகவும், அது வெட்டி ஒட்டப்பட்டது என்று மறுக்கும்படி நிர்வாகத்தினர் செயலாளராகிய உங்களை வற்புறுத்துவதாகவும் எழுதியிருந்தீர்கள்.

மறுக்காதீர்கள். 2018 மார்ச்சில் கேப் டவுன் டெஸ்ட் போட்டியில் பந்தைச் சேதப்படுத்திய விவகாரத்தில், அவுஸ்திரேலிய வீரர் பான்கிராஃப்ட் தாம் பயன்படுத்தியது மஞ்சள் ஒட்டுநாடா என்று செய்தியாளர்களிடம் கூறினார். சில நாட்களில் அது சாண்ட் பேப்பர் என்று தெரியவந்தபோது, குற்றத்தோடு பொய்யும் சேர்ந்துகொண்டது. மைதானத்தைச் சுற்றி நின்ற அத்தனை கைபேசிகளிலும் வேறு கோணப் பதிவுகள் இருக்கலாம் என்பதை நிர்வாகத்தினருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

அறிக்கைக்கு முன்பாகத் தலைவர் மத்தியஸ்தரை நேரில் சந்தித்து வருத்தம் தெரிவிப்பதே முறை. முகநூலில் படித்து அறிந்துகொள்ளும் மன்னிப்பை யாரும் மதிப்பதில்லை. பிறகு, நடந்தது என்ன, விசாரணை முடியும்வரை வீரர் விளையாடமாட்டார், முடிவு எந்தத் திகதியில் அறிவிக்கப்படும் என்ற மூன்றையும் மட்டும் நான்கைந்து வரிகளில் எழுதி, லீக்கிற்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். மத்தியஸ்தரின் தீர்ப்பு சரியா பிழையா என்ற வாதத்தை அதில் நுழைக்க வேண்டாம். முறைப்பாடு இருந்தால் அது தனிக் கடிதமாகப் போகட்டும்.

எனக்கு அதிகம் கவலை தருவது பின்னூட்டங்கள்தான். நம் மாவட்டத்தில் விளையாட்டுச் சண்டை ஊர்ச் சண்டையாகவும் இனச் சண்டையாகவும் மாற ஓர் இரவு போதும். ஆகவே, கழகப் பக்கத்தில் ஊரையோ சமூகத்தையோ இழுக்கும் கருத்துகளை உடனே நீக்குங்கள். கழகத்தைத் திட்டுபவற்றை அப்படியே விட்டுவிடுங்கள். வீரர் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவராயின், பெயரைக் குறிப்பிடாமல், முதலில் பெற்றோரிடம் பேசுங்கள்.