மைக் கெட்டுப்போகவில்லை, பின்னைப் பாருங்கள்

போனில் நன்றாகப் பதிவாகும் காலர் மைக், டெஸ்க்டாப்பின் பிங்க் நிற மைக் துளையில் செருகினால் ஊமையாகிவிடுகிறது என்று கேட்டிருந்தீர்கள். மைக் நன்றாகத்தான் இருக்கிறது. அதன் 3.5 மி.மீ. பின்னில் உலோகத்தைப் பிரிக்கும் பிளாஸ்டிக் வளையம் எத்தனை என்று எண்ணுங்கள். மூன்று என்றால் போனுக்கான பின். இப்போதைய போன்களில் மைக்கின் சத்தம் பின்னின் அடிப்பாகம் வழியாகப் போகிறது. பிங்க் துளையோ அதை முனையில் எதிர்பார்க்கும். இரண்டும் சந்திப்பதே இல்லை.

மைக், ஹெட்போன் என இரண்டு வால் பிரியும் ஸ்ப்ளிட்டர் வாங்குங்கள். கடையில் பார்க்க ஒரே மாதிரி இருக்கும் 'இரண்டு ஹெட்போன்' ஸ்ப்ளிட்டரைத் தலையில் கட்டிவிடுவார்கள். நானும் ஒருமுறை ஏமாந்தேன். ஒரு வாலில் மைக் படம் இருக்க வேண்டும். அப்புறம், மைக்குக்கும் ஹெட்போனுக்கும் ஒரே துளை உள்ள லேப்டாப் கிடைத்தால் முதலில் அதில் செருகிப் பாருங்கள், பெரும்பாலும் நேரடியாகவே பேசும்.