சாய மை பிரிண்டரில் கறுப்பு வெள்ளைப் படங்கள்: கேள்வி பதில்

கேள்வி: எப்சன் எல்805 வைத்திருக்கிறேன். வண்ணப் படங்கள் நன்றாக வருகின்றன. கறுப்பு வெள்ளையில் மட்டும் சில இடங்களில் பச்சையும் சில இடங்களில் ரோஜா நிறமும் தட்டுகின்றன. ஏன்?

பதில்: சாய மையில், அதாவது திரவத்தில் கரைந்த நிறத்தில், அச்சிடும் அந்தப் பிரிண்டரில் கறுப்பு, சயான், மெஜெந்தா, மஞ்சள், வெளிர் சயான், வெளிர் மெஜெந்தா ஆகிய ஆறு மைகள் உண்டு, சாம்பல் மை கிடையாது. ஆகவே கன்னத்தின் நிழலானாலும் மேகத்தின் விளிம்பானாலும், இடைப்பட்ட சாம்பல் பெரும்பாலும் வண்ண மைகளின் கலவையாகவே தாளில் விழுகிறது. அக்கலவையில் ஒரு மை இம்மியளவு கூடினாலும் கண் கண்டுபிடித்துவிடும்; வண்ணப் படத்தில் அதே பிழை பூவின் நிறத்திலோ புடவையின் நிறத்திலோ கரைந்து மறைந்துவிடும். பகல் வெளிச்சத்தில் சரியாகத் தெரிந்த படம் எல்இடி விளக்கின் கீழ் வேறு சாயல் காட்டுவதற்கும் இக்கலவையே காரணம். நீங்கள் பயன்படுத்தும் தாளுக்கும் மைக்கும் தனியாக ஐசிசி புரொஃபைல் (அந்தத் தாளில் அந்த மை எப்படி நிறம் காட்டும் என்பதைக் கணினிக்குச் சொல்லும் கோப்பு) செய்துகொள்வதே முறையான தீர்வு. மையின் தயாரிப்பை மாற்றினால் அதையும் புதிதாகச் செய்ய வேண்டும். அது இயலாதபோது, படத்துக்கே மெல்லிய பழுப்புச் சாயல் கொடுத்துவிடலாம். சிறு பிறழ்வுகள் அதில் அடங்கிவிடும். மனித முகங்களுக்கு நான் அதையே விரும்புகிறேன்.

கேள்வி: அச்சிடும்போது வரும் தெரிவுகளில் கிரேஸ்கேல் (வண்ணமின்றிச் சாம்பலில் அச்சிடுவது) என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதாதா?

பதில்: கறுப்பு மை மட்டுமே பயன்பட்டால் நிறச்சாயல் நீங்கும்; ஆனால் வானம் போன்ற வெளிர்ந்த பகுதிகளில் கரும்புள்ளிகள் தனித்தனியாகத் தெரியும்.

கேள்வி: அப்படியானால் எந்தப் பிரிண்டரை வாங்கலாம்?

பதில்: விளம்பரத்தில் வரும் டிபிஐ (ஓர் அங்குலத்தில் விழும் புள்ளிகள்) எண்ணைவிடச் சாம்பல் மைகள் எத்தனை என்பதையே முதலில் பாருங்கள். கேனன் புரோ-200இல் உள்ள எட்டு மைகளில் கறுப்பு, சாம்பல், வெளிர் சாம்பல் என மூன்று உண்டு. முன்பு வந்த புரோ-100இலும் அவ்வாறே. மையைப் புட்டியிலிருந்து ஊற்றி நிரப்பும் டேங்க் வகையில் கேனன் ஜி570, எப்சன் எல்8180 ஆகியவற்றில் ஒரு சாம்பல் மை இருக்கிறது.

கேள்வி: எந்தத் தாள் ஏற்றது?

பதில்: பளபளப்பான தாள். சாயம் தாளின் பூச்சுக்குள் ஊறிவிடுவதால், நிறமி மையில் (நிறம் நுண்துகள்களாக இருக்கும் மை) சாய்த்துப் பார்க்கும்போது தோன்றும் வெண்கல மினுக்கம் இதில் வராது; கறுப்பும் ஆழமாக இருக்கும். பளபளப்பில்லாத பருத்தி மேட் தாளில் அந்த ஆழம் குறைந்துவிடும்.

கேள்வி: எத்தனை காலம் நிற்கும்?

பதில்: சாய மைக்கு வெளிச்சமும் காற்றிலுள்ள ஓசோனும் பகை. சாம்பலில் கலந்த மைகளுள் ஒன்று முந்தி வெளுத்தாலும் படம் முழுவதும் நிறம் சாயும். அச்சான படத்தை ஒரு நாள் உலரவிட்டு, அதன்பின் நிறத்தைச் சோதித்து, கண்ணாடிச் சட்டத்தில் இட்டு, வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். பிறருக்கு விற்கும் படங்களுக்கு மட்டும் நிறமி மையையே பரிந்துரைப்பேன்.