அம்மா அறையில், நீங்கள் கடலில்: இது என்ன ஏற்பாடு?

கேள்வி: எனக்கு 41 வயது. மனைவி, 9 வயது மகள், 3 வயது மகன், 68 வயது அம்மா. இதுவரை குடும்பமாக எங்கும் போய்த் தங்கியதில்லை. இந்த விடுமுறைக்கு எல்லோரும் போகிற ஒரு கடற்கரை ஊருக்குப் போகலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். எந்த மாதம் போவது, எத்தனை நாள் தங்குவது, எப்படிப்பட்ட இடம் பார்ப்பது, என்னென்ன எடுத்துப்போவது என்று ஒன்றும் புரியவில்லை. முதல் பயணமே சொதப்பிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி, மணலில் நடக்க மாட்டார். கேட்டாலும் "நான் எதுக்குப்பா" என்றுதான் சொல்வார். அவர் அறையிலிருந்து சின்னவனைப் பார்த்துக்கொள்வார் என்பதால் ஒரே பெரிய அறை போதும் என்று நினைக்கிறோம். வழிகாட்டுங்கள்.
- பெயர், ஊர் வேண்டாம்

பதில்: உங்கள் பயத்துக்கு நான் ஆறுதல் சொல்லப்போவதில்லை. இப்போது போட்டிருக்கிற திட்டத்தோடு கிளம்பினால் சொதப்பத்தான் செய்யும். மாதம், நாள், பெட்டி எல்லாம் பிறகு. கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் அம்மாவைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அங்கிருந்து ஆரம்பிப்போம்.

அம்மாவிடம் நீங்கள் இன்னும் கேட்கவே இல்லை. அவர் என்ன சொல்வார் என்று நீங்களே முடிவு செய்து, அதன்மேல் அறைக் கணக்கும் போட்டுவிட்டீர்கள். முழங்கால் வலிக்கிற 68 வயதுப் பெண்ணை அத்தனை மணி நேரம் உட்கார வைத்துக் கூட்டிப்போய், தெரியாத ஊரில் நாலு சுவருக்குள் விட்டு, கையில் மூன்று வயதுப் பையனையும் கொடுத்துவிட்டு நீங்கள் மூவரும் அலையில் ஆடப்போகிறீர்கள். இதற்கு அவர் வீட்டிலேயே இருந்துவிடலாம். அங்கே அவருடைய கட்டிலாவது இருக்கும். இதே மாதிரி கடிதங்கள் நிறைய வருகின்றன, தம்பி. எல்லாவற்றிலும் "அம்மாவும் வருகிறார்" என்று பெருமையாக ஒரு வரி இருக்கும். எதற்கு வருகிறார் என்று பார்த்தால் பிள்ளை பார்க்க!

பேரனைப் பாட்டி ஆசையாக மடியில் வைத்துக்கொள்வது வேறு, விடுமுறையில் அவருக்கு டியூட்டி போடுவது வேறு. பெற்ற பிள்ளையைப் பார்த்துக்கொள்வது உங்கள் இருவருடைய கடமை. ஊர் மாறினால் அது மாறிவிடாது.

சரி, கடமைப் பேச்சு வேண்டாம் என்றால் ஆபத்துக் கணக்கையாவது பாருங்கள். தங்குமிடத்து அறை உங்கள் வீடு போல மூன்று வயதுப் பையனுக்காகத் தயார் செய்யப்பட்டதல்ல. பால்கனியில் ஒரு நாற்காலி கிடக்கும், அதைக் கம்பி ஓரமாக இழுத்து ஏற அவனுக்கு அரை நிமிடம் போதும். குளியலறைத் தரை ஈரமானால் வழுக்கும். வெளிக்கதவை உள்ளிருந்து குழந்தையே திறந்துவிடுகிற மாதிரி கைப்பிடி இருக்கும். அவன் ஓடினால் உங்கள் அம்மா எழுந்திருக்கவே நேரம் பிடிக்கும். பிடிக்கப்போய் அவர் விழுந்தால் அதோடு விடுமுறையும் முடிந்தது, அடுத்த பல மாதமும் போச்சு. எந்த ஏற்பாடானாலும் அறைக்குள் போனதும் முதல் வேலை, பால்கனி நாற்காலி மேஜைகளை உள்ளே எடுத்துவைத்துக் கதவைப் பூட்டுவதுதான்.

இன்று ராத்திரியே அம்மாவிடம் பேசுங்கள். "வர்றீங்களாம்மா?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் பிள்ளைக்குச் செலவு, மருமகளுக்குச் சிரமம் என்றெல்லாம் நினைத்து "நான் எதுக்குப்பா" என்றுதான் வரும். "காலையில தண்ணி ஓரமா உங்களுக்கு நாற்காலி போடுறோம், கால் நனைச்சுட்டு உட்காருங்க, வெயில் ஏறுறதுக்குள்ள திரும்பிடலாம், சின்னவனை நாங்க பார்த்துக்கிறோம்" என்று சொல்லிக் கேளுங்கள். எது நடக்கும் என்று தெரிந்தால்தான் ஒருவரால் ஆமாம் என்றோ வேண்டாம் என்றோ சொல்ல முடியும். அப்படியும் வேண்டாம் என்றால் அது அவர் முடிவு, மதித்துவிடுங்கள். ஊரில் அவருக்குத் துணைக்கு ஆள் ஏற்பாடு செய்துவிட்டுப் போங்கள்.

வருகிறேன் என்றால், மொத்தப் பயணத்தையும் அவருடைய முழங்காலை வைத்துத் திட்டமிடுங்கள். சலுகைக்காக இதைச் சொல்லவில்லை. அவருக்கு ஒத்துவருகிற இடமும் நேரமும்தான் உங்கள் மூன்று வயதுப் பையனுக்கும் ஒத்துவரும்.

முதலில் தங்குமிடம். "கடல் தெரியும் அறை" என்று விளம்பரம் செய்வார்கள். மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து இரண்டு கட்டடத்துக்கு நடுவே ஒரு நீலக்கோடு தெரிந்தாலும் அது கடல் தெரியும் அறைதான். உங்களுக்கு வேண்டியது அறைக் கதவிலிருந்து மணலுக்கு எவ்வளவு தூரம் என்பது. வரைபடத்தின் செயற்கைக்கோள் படத்தில் நீங்களே அளந்து பாருங்கள். பிறகு போனில் கூப்பிட்டுக் கேளுங்கள்: வழியில் எத்தனை படி? வாகனம் ஓடுகிற சாலையைக் கடக்க வேண்டுமா? தரைத்தள அறை உண்டா? இல்லையென்றால் லிஃப்ட் வேலை செய்கிறதா? உட்காரும் கழிப்பறையா, பக்கத்தில் பிடித்து எழுந்திருக்கக் கைப்பிடி இருக்கிறதா? கடற்கரையில் மணல்மேல் பாய் விரித்த நடைபாதை உண்டா? சில கடற்கரைகளில் தடித்த பலூன் சக்கரம் வைத்த நாற்காலி வாடகைக்கோ இலவசமாகவோ கிடைக்கும், அதையும் விசாரியுங்கள். சாதாரணச் சக்கர நாற்காலியை மணலில் தள்ளினால் முன்னால் உள்ள சின்னச் சக்கரம் புதைந்துவிடும். வேறு வழியில்லாமல் கொஞ்ச தூரம் போக வேண்டுமானால் திருப்பி வைத்துப் பின்னோக்கி இழுங்கள்.

ஒரே பெரிய அறை என்பதை மறந்துவிடுங்கள். தரைத்தளத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அறை பாருங்கள், நடுக்கதவு உள்ளது கிடைத்தால் இன்னும் நல்லது. வலியோடு தூங்குகிறவர் நடு ராத்திரி இரண்டு முறை எழுந்திருப்பார். விளக்குப் போடக்கூடத் தயங்கிக்கொண்டு அவர் இருட்டில் தடவக் கூடாது. பணம் இடிக்கிறதா? ஒரு நாளைக் குறைத்துவிடுங்கள், அறையைக் குறைக்காதீர்கள்.

அடுத்தது, மணலில் அவரால் நடக்க முடியாது என்கிறீர்கள். எந்த மணலில்? உலர்ந்த, கால் புதைகிற மணலில் நடக்கக் கெட்டித் தரையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் சக்தி செலவாகும், நல்ல முழங்காலே அங்கே திணறும். ஆனால் நீர் வற்றும்போது வெளிப்படுகிற ஈரமணல் பெரும்பாலும் கெட்டியாக, தரை போல இருக்கும். அந்த ஊரின் நீர் ஏறும், வற்றும் நேரத்தை அட்டவணையில் பாருங்கள், இணையத்தில் கிடைக்கும். பெரும்பாலான கடற்கரைகளில் நாளுக்கு இரண்டு முறை நீர் ஏறி இறங்கும். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்ததுக்கும் சுமார் 12 மணி 25 நிமிடம் என்பதால் நேரம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று காலை 6 மணிக்கு வற்றினால் நாளை 6.50 வாக்கில். ஆகவே வற்றுகிற நேரம் அதிகாலையில் விழுகிற நாட்களாகப் பார்த்து அறை எடுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் அதிகம். அகலமான ஈரமணல் கிடைக்கும், அதே அளவுக்குத் தண்ணீர் மேலேயும் ஏறி வரும்.

அம்மா நடக்கும்போது கவனிக்க வேண்டியது சரிவு. கரை கடலை நோக்கிச் சாய்ந்திருக்கும். ஒரே திசையில் நெடுந்தூரம் நடந்தால் ஒரு கால் மேலேயும் ஒரு கால் தாழவுமாக இருந்து ஒரே முழங்கால் அடி வாங்கும். சமமான பகுதியாகப் பார்த்துக் கொஞ்சம் நடந்து, வலிக்கும் முன்பே திரும்பிவிடுங்கள். கைத்தடி வைத்திருந்தால் அடியில் அகலமான ரப்பர் பூண் போடுங்கள், இல்லையென்றால் குத்திக்கொண்டு நிற்கும். சர்க்கரை இருந்தால் வெறுங்காலோடு விடவே கூடாது. பாதத்தில் உணர்வு குறைந்தவருக்குச் சூடான மணல் சுடுவதும் தெரியாது, சிப்பி கிழிப்பதும் தெரியாது. பின்பக்கம் வாரோடு கூடிய செருப்புப் போதும்.

நாற்காலி விஷயத்தில் பலரும் தவறு செய்கிறார்கள். கடற்கரையில் வாடகைக்குக் கிடைக்கிற தாழ்ந்த, துணி தொங்குகிற சாய்வு நாற்காலியில் அவர் உட்கார்ந்துவிடுவார், எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டும். உட்காரும் பலகை அவர் முழங்கால் உயரத்துக்குக் குறையாமலும் இரண்டு பக்கமும் கைப்பிடியோடும் இருக்கட்டும். மடக்கு நாற்காலி ஒன்றில் வீட்டிலேயே அவரை உட்கார வைத்துச் சோதித்துப் பார்த்து எடுத்துப்போங்கள். கால் நான்கும் புதையாமலிருக்கக் கீழே ஒரு பலகை. பயணத்துக்கு ஒரு மாதம் முன்பு அவருடைய மருத்துவரையும் பாருங்கள். ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடுகிற சில மாத்திரைகள் உடலிலிருந்து நீரை வெளியேற்றும், வெயிலில் அது தலைசுற்றலில் முடியலாம். மாத்திரைகள் பெட்டியில் வேண்டாம், கைப்பையில். இன்சுலின் என்றால் வெயிலில் நிற்கிற வண்டிக்குள் வைக்கவே கூடாது.

இப்போது பிள்ளைகள். நீர் வற்றிய நேரம் நடக்க நல்லது என்றேன். ஆனால் பல கடற்கரைகளில் கடலுக்குள் இழுக்கிற நீரோட்டம் வேகம் பிடிப்பதும் அந்த நேரத்தையொட்டித்தான். ஆகவே அது அம்மாவோடு கரையில் விளையாடுகிற நேரம், பிள்ளைகளுக்குக் கணுக்கால் ஈரம் போதும். அலைகள் வரிசையாக உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஓரிடம் மட்டும் அலை உடையாமல், கருத்து, அமைதியாகத் தெரிந்தால் அதுதான் இழுப்பு உள்ள இடம். புதிதாக வருகிறவர்கள் "இங்கேதான் அலை இல்லை" என்று சரியாக அங்கேயே இறங்குகிறார்கள். இறங்கும் முன் பத்து நிமிடமாவது நின்று கடலைப் பாருங்கள். உயிர்காப்பாளர் இருக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் இறங்காதீர்கள். பல கடற்கரைகளில் சிவப்பும் மஞ்சளுமான கொடிகள் இரண்டு நட்டிருப்பார்கள், குளிக்க வேண்டியது அவற்றுக்கு நடுவில் மட்டும். முழுச் சிவப்புக் கொடி பறந்தால் தண்ணீரில் இறங்கக் கூடாது. மகளுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள்: இழுத்தால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாதே, மிதந்துகொண்டு கையைத் தூக்கு, முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் போய் அதன்பிறகு கரையேறு. அந்த நீரோட்டம் வெளியே இழுக்கும், அடியில் அமுக்காது.

மூழ்குகிற குழந்தை பெரும்பாலும் கத்தாது. வாய் தண்ணீருக்கு மேலே வருகிற நொடியில் மூச்சு வாங்கவே நேரம் சரியாக இருக்கும். அதனால் மகன் எப்போதும் கைநீட்டினால் பிடிக்கிற தூரத்தில்தான் இருக்க வேண்டும். நீங்களும் மனைவியும் இருபது நிமிடத்துக்கு ஒருவர் என்று முறை போட்டுக்கொள்ளுங்கள். முறைக்காரர் கையில் போன் இருக்கக் கூடாது, மாற்றும்போது "இப்ப நீ" என்று வாய்விட்டுச் சொல்லி மாற்றுங்கள். ஆளுக்கொருவர் பார்ப்பதாக நினைத்து யாருமே பார்க்காமல் விடுவதில்தான் விபரீதம் நடக்கிறது. காற்றடைத்த வளையம் பாதுகாப்புச் சாதனம் இல்லை. கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்றடித்தால் குழந்தையோடு சேர்த்து அதைக் கொண்டுபோய்விடும். உடை ஆரஞ்சு, பளிச்சென்ற மஞ்சள் மாதிரி இருக்கட்டும். நீலமும் வெள்ளையும் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாமல் போகும். மணலில் குழி தோண்டினால் அவன் முழங்கால் ஆழம்தான் எல்லை, அதற்கு மேல் பக்கச்சுவர் சரிந்து மூடிவிடும்.

மாதம் என்ன என்று கேட்டீர்கள். பள்ளி விடுமுறையும் தொடர் விடுமுறையும் சேர்கிற வாரத்தை விடுங்கள். கூட்டத்தில் அம்மாவால் நடக்க முடியாது, குழந்தை தொலையும், வாடகையும் உச்சத்தில் இருக்கும். அந்தக் கடற்கரையில் கடல் கொந்தளிக்கிற, மழை கொட்டுகிற மாதங்கள் எவை என்று அங்கே தங்குமிடம் நடத்துகிறவர்களிடமே கேட்டு, அவற்றைக் கழித்துவிட்டு வார நாட்களாகப் பாருங்கள். நான்கு இரவு தங்குங்கள். போகிற நாளும் வருகிற நாளும் பயணத்திலேயே கழியும், இடையில் மூன்று முழு நாள் மிஞ்சும். காலை கடல், பகல் 10 முதல் 4 வரை நிழல், மாலை மறுபடி கடல். மூன்று நாளில் ஏழு இடம் சுற்றுகிற பட்டியல் போடாதீர்கள்.

எடுத்துப்போக வேண்டியவற்றில் எல்லோரும் கணக்குத் தவறுவது சன்ஸ்கிரீனில். பெரியவர் ஒருவருக்கு உடல் முழுக்க ஒரு முறை பூசவே 30 மில்லிக்கு மேல் வேண்டும். 100 மில்லி பாட்டில் மூன்று பூச்சில் தீர்ந்துவிடும். எஸ்பிஎஃப் (வெயில் தடுக்கும் அளவு) 30-க்குக் குறையாமல் வாங்கி, வெளியே போக இருபது நிமிடம் முன்பு பூசி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் தண்ணீரிலிருந்து ஏறியதும் மறுபடியும் பூச வேண்டும். முழுக்கை உடையும் அகல விளிம்புத் தொப்பியும் இருந்தால் பாதி மிச்சமாகும். அம்மாவுக்கும் சேர்த்து வாங்குங்கள்.

முன்பணம் கட்டுமுன், எந்தத் தேதி வரை ரத்து செய்தால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதையும், தரைத்தள அறை உறுதி என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்ன தரைத்தளம் நீங்கள் போய் இறங்கும்போது இரண்டாம் மாடியாகிவிடும், அந்த நேரத்தில் பெட்டியோடும் அம்மாவோடும் வாசலில் நின்று சண்டை போட முடியாது.