சமூகப்பணியா, சமூகவியலா: திருகோணமலையிலிருந்து வந்த தங்கச்சிக்கு

தங்கச்சி, உயர்தரத்தில் கலைப்பிரிவு படித்து, மூதூரில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலையும் பார்த்துவிட்டு கனடாவில் ஸ்காபரோவுக்கு வந்திருக்கிறீர்கள். இங்கே சமூகப்பணிப் பட்டம் எடுப்பதா, சமூகவியல் பட்டம் எடுப்பதா என்பது உங்கள் கேள்வி. இரண்டும் வேண்டாம், தாதியர் படிப்புக்குப் போ என்று மாமா சொல்கிறாராம். மாமாமார் அப்படித்தான் சொல்வார்கள்.

சுனாமிக்குப் பிறகு உப்புவெளியிலும் நிலாவெளியிலும் எத்தனையோ பிள்ளைகள் பட்டம் எதுவும் இல்லாமலே வீடு வீடாகப் போய்ச் சமூகப்பணியைத் திறமாகச் செய்தார்கள். இங்கே ஒன்ராறியோ மாகாணத்தில் அது நடவாது. 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒழுங்குமுறை அமைப்பில் பதிவு செய்தவர் மட்டுமே தன்னைச் சமூகப் பணியாளர் என்று சொல்லிக்கொள்ளலாம். சமூகவியலில் முதல் வகுப்பே எடுத்தாலும் அந்தப் பதிவுக்கு அது போதாது.

ஆட்களோடு நேரே இருந்து வேலை செய்யத்தான் விருப்பம் என்றால் சமூகப்பணியையே எடுங்கள். யோர்க் பல்கலைக்கழகத்திலும் ரொறன்ரோ பெருநகரப் பல்கலைக்கழகத்திலும் நான்கு வருடப் படிப்பு இருக்கிறது. அதற்குள் குறைந்தது 700 மணித்தியாலக் களப்பயிற்சி வரும், அதுவும் பெரும்பாலும் சம்பளமில்லாமல். வாடகை கட்டிக்கொண்டு படிக்கிறவர்களை உண்மையில் முறிப்பது பாடங்கள் அல்ல, அந்த மாதங்கள்தான். இப்போதே கணக்குப் போட்டு வையுங்கள். உடனே உழைக்க வேண்டிய நிலை என்றால், கல்லூரியில் இரண்டு வருடச் சமூகசேவை டிப்ளோமா இருக்கிறது. அதற்கும் தனிப் பதிவு உண்டு.

நான் சமூகவியல் வழியாக வந்தவன். வேறு துறையில் பட்டம் எடுத்தவர்களுக்கு முதுகலைச் சமூகப்பணி இரண்டு வருடம். சமூகப்பணிப் பட்டதாரிகளுக்குப் பெரும்பாலும் ஒன்று. கூடுதலாகப் போன அந்த ஒரு வருடத்தை நான் நட்டமாக நினைக்கவில்லை. ஒரே கட்டடத்தில் பத்துக் குடும்பம் வாடகை பாக்கி வைத்தால் அது பத்துப் பேருடைய சோம்பல் அல்ல என்பதைப் புள்ளிவிபரத்தோடு எழுதிக் காட்ட எனக்குச் சமூகவியல்தான் கற்றுத் தந்தது. ஆய்வு, கொள்கை, நகரசபை வேலை என்று மனம் போனால் அதுவே நல்லது.

ஆனால் மூதூரில் வீடுகளுக்குப் போய்ப் பழகிய உங்களுக்கு நான் சமூகப்பணியைத்தான் சொல்வேன். தமிழ் தெரிந்தவர்களுக்கு இங்கே தேவை அதிகம், சங்கடமும் அதிகம். வேலையாகப் போன ஒரு வீட்டில் கதவைத் திறந்த அம்மா, "தம்பி ஊரில் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். பத்திரகாளி அம்மன் கோவிலடி என்றேன். முகம் மலர்ந்து தேநீர் கொண்டுவந்தார். அதன் பிறகு கணவரைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. எனக்கு அவருடைய சொந்தக்காரர் யாரையாவது தெரிந்திருக்கலாமே என்ற பயம்! களப்பயிற்சியில் மேற்பார்வையாளரோடு இருந்து பேசித் தெளிய வேண்டிய விடயங்கள் இவை.

நிரந்தர வதிவிடம் இருந்தால் மாகாண மாணவர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு முன் மூதூர் நிறுவனத்திடம், என்னென்ன வேலை செய்தீர்கள் என்று விபரமாக ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள். திட்டம் முடிந்தால் அந்த அலுவலகமே அங்கே இருக்காது.