சீன மொழி மாறவே இல்லையா? ஒரு முயல் கதைல இருந்து சொல்றேன்

கேள்வி இதுதான்: "சீன எழுத்து 2000 வருஷமா அப்படியே இருக்குன்னு சொல்றாங்களே, அப்ப அந்த மொழி மாறவே இல்லையா? பழசை எடுத்து இப்ப இருக்கிற சீனர் படிச்சா புரியுமா?"

நான் 8 வருஷமா தெற்கு சீனாவுல இருக்கிற குவாங்சோல இருக்கேன், கார்மெண்ட்ஸ் பர்ச்சேஸிங் வேலை. சீனாவோட பொது மொழியான மாண்டரின் கிளாஸுக்குப் போய் கத்துக்கிட்டது, இந்த ஊர்ப் பேச்சான கேண்டனீஸ் மார்க்கெட்ல காதுல விழுந்து விழுந்து வந்தது. நான் பாத்த வரைக்கும் அந்த மொழி ரொம்பவே மாறியிருக்கு, எழுத்து பெருசா மாறாம நின்னு அதை மூடி வச்சிருக்கு.

தினமும் ராத்திரி நான் சாப்பிடுற கடைய ஒரு பாட்டி நடத்துறாங்க, எல்லாரும் ஆ போன்னு கூப்பிடுவோம், கேண்டனீஸ்ல பாட்டிக்கு அதான் வார்த்தை. அவங்க பேரன் மூணாங்கிளாஸ். ஒரு நாள் டேபிள்ல புக்கை விரிச்சு வச்சிருந்தான், கி.மு. 3ஆம் நூற்றாண்டுல ஹான் ஃபெய்ங்கிற தத்துவவாதி எழுதின கதை. ஒரு முயல் ஓடி வந்து வயல்ல இருக்கிற அடிமரத்துல மோதி கழுத்து முறிஞ்சு செத்துப்போகுது, அதை எடுத்துக்கிட்ட விவசாயி மறுநாள்ல இருந்து கலப்பைய கீழ போட்டுட்டு அடுத்த முயல் வரும்னு அங்கயே காத்துக் கிடக்கிறான். அந்த வரியில முயல் செய்யற வேலைக்கு இருக்கிற வார்த்தை 'ஸோ'. இன்னைக்கு மாண்டரின்ல ஸோன்னா நடக்கிறது. அப்படியே படிச்சா முயல் நடந்து வந்து கழுத்தை முறிச்சுக்கிச்சுன்னு ஆகும், அதனால பாடத்துக்குக் கீழ 'இங்க ஸோன்னா ஓடுறது'ன்னு குறிப்பு போட்டிருக்காங்க. எழுத்து அதேதான், உள்ள இருந்த அர்த்தம் நகர்ந்து போச்சு. 'ஸோ மா கான் ஹுவா'ன்னு ஒரு சொலவடை இருக்கு, ஓடுற குதிரை மேல இருந்து பூ பாக்குறது, அதாவது மேலோட்டமா பாத்துட்டுப் போறது. குதிரை நடந்தா பூவை நல்லாவே பாக்கலாமேன்னு கிளாஸ்ல நான் கேட்டிருக்கேன், இந்த 'ஓடு' தெரிஞ்சப்புறம்தான் புரிஞ்சுது.

இலக்கணம் மாறினது எனக்கு இன்னும் பிடிச்ச விஷயம். இப்ப 'ஷி'ன்னா இங்கிலீஷ் 'இஸ்' மாதிரி. பழைய சீனத்துல அப்படி ஒண்ணு தேவையே படல, நாம 'அவர் டாக்டர்'னு சொல்லி நிறுத்துற மாதிரிதான். அப்ப ஷின்னா 'இது'. கன்ஃபூஷியஸ் சொன்னதா வர்ற ஒரு வரி, செல்வமும் பதவியும், இது மனுஷன் ஆசைப்படுறது. அந்த 'இது'வை 'இஸ்'னு எடுத்துக்கிட்டுப் படிச்சாலும் வரி பிசிறில்லாம பொருந்துது பாருங்க, அந்த இடத்துலதான் யாருக்கும் தெரியாம ஒண்ணு இன்னொண்ணாயிடுச்சு. அதே மாதிரி 'லியாவ்'ன்னா முடிக்கிறது, அது தேஞ்சு தேஞ்சு வினைக்குப் பின்னாடி ஒட்டுற 'ல' ஆச்சு. 'சாப்பிட்டு விட்டேன்'ல இருக்கிற விடு தேஞ்சு நம்ம வாயில 'சாப்பிட்டுட்டேன்' ஆன கதைதான்.

உச்சரிப்புல போனது பெரிய இழப்புன்னு நான் நினைக்கிறேன். பத்து, உணவு, கல் மூணுக்கும் மாண்டரின்ல ஷி, ஷி, ஷி, டோன், அதாவது குரலோட ஏத்த இறக்கம் கூட ஒண்ணுதான். கேண்டனீஸ்ல ஸப், ஸிக், ஸெக். வடக்குல கடைசி ப், ட், க் எல்லாம் உதிர்ந்துபோச்சு, தெற்குல தங்கிடுச்சு. இப்படி ஒரே சத்தத்துல நிறைய வார்த்தை குவிஞ்சா காதால பிரிச்சு எடுக்கிறது கஷ்டம், அதனால கல்லுக்கு ஷிதோன்னு ரெண்டு அசையாச்சு. பழைய ஓரசை வார்த்தைங்க நிறைய ரெட்டையா மாறினதுக்கு இது மட்டும் காரணம் இல்ல, ஆனா முக்கியமான ஒண்ணு.

வெளிய இருந்து வந்த வார்த்தைங்களும் ஏராளம். பௌத்தம் வழியா போன க்ஷணம் அங்க 'ச்சானா', மல்லிகா 'மோலி'. இங்க மோலி டீ குடிக்கும்போதெல்லாம் நம்ம மல்லிகைப்பூவாச்சேன்னு ஒரு சந்தோஷம் வரும். டெலிஃபோன் முதல்ல 'தலூஃபெங்'னு சத்தமா வந்துச்சு, அப்புறம் ஜப்பான்ல உருவான 'மின்பேச்சு'ங்கிற வார்த்தை அதைத் தள்ளிடுச்சு, இன்னைக்கு 'தியென்ஹுவா'.

சரி, பழசு புரியுமான்னு கேட்டீங்க. படிச்சவங்களுக்கு குறிப்போட புரியும், பழகாதவங்களுக்கு தடுமாறும். 20ஆம் நூற்றாண்டு ஆரம்பம் வரைக்கும் மதிப்பா எழுதணும்னா பழைய நடைதான், பேச்சு வேற எங்கயோ போயிடுச்சு. 1917ல ஹூ ஷிங்கிற அறிஞர் பேசுற மாதிரி எழுதலாம்னு கட்டுரை போட்டாரு, அதுக்கப்புறம்தான் எழுத்து பேச்சுக்குக் கிட்ட வந்துச்சு. எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் ரெண்டா இருக்கிற நமக்கு இது சட்டுனு பிடிபடும்.

மாற்றம் இப்பவும் நடக்குது. 'பெய்'ங்கிறது நம்ம 'படு' மாதிரி, அடிக்கப்பட்டான், சொல்லப்பட்டதுன்னு வரும், அதுக்கும் முன்னாடி பட்டு அனுபவிக்கிறதுன்னுதான் அர்த்தம். 2009ல வேலையே கிடைக்காத பட்டதாரிங்களை வேலைல இருக்கிறதா கணக்கு காட்டினப்போ அவங்க 'பெய் ஜியூயே'ன்னாங்க, தமிழ்ல சொன்னா 'வேலைக்குச் சேரப்பட்டோம்'. இலக்கணப்படி அப்படி ஒரு வாக்கியம் கூடாது, ஆனா தனக்கு நடந்த அநியாயத்தைச் சொல்ல அவங்களுக்கு அந்த உடைஞ்ச வாக்கியம்தான் கிடைச்சுது. அந்த வருஷத்தோட எழுத்தா பெய்யையே தேர்ந்தெடுத்தாங்க.

அந்த முயலுக்கு வரேன். குவாங்சோல பிளாட்ஃபாரத்துல சாக்ஸ், ஃபோன் கவர் விரிச்சு விக்கிறவங்க, ரெய்டு வண்டி வந்தா 'ஸவ் க்வை'ன்னு கத்துவாங்க, வார்த்தைக்கு வார்த்தை 'ஓடு, பேய்'. நாலு முனையையும் சேத்து துணிய மூட்டையா தூக்கிட்டு அடுத்த நிமிஷம் சந்துக்குள்ள இருப்பாங்க. அந்த ஸவ், பாடத்துல இருக்கிற அதே ஸோதான், கேண்டனீஸ் உச்சரிப்பு. அன்னைக்கு ஆ போ பேரனை பாடத்தை நம்ம கேண்டனீஸ்ல படிடான்னாங்க, அவன் சத்தமா படிச்சான். அடுப்புகிட்ட இருந்து அவங்க "இவ்ளோ வேகமா ஓடி வந்தா கழுத்து முறியாம என்ன செய்யும், பாவம்"னாங்க, புக்கு பக்கமே வரல.